மூலைமேல் மூலை

அட்டைப்பெட்டியின் பலம் அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை. ஒருவர் இதைக் கரும்பலகையில் படம் போட்டே எங்களுக்குச் சொன்னார். இருந்தும் அது எங்கள் மண்டையில் ஏற ஒரு பெண்ணின் இடுப்பு உடைய வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் சங்கிலிமுத்துவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எழுதும்போது எனக்குக் கோபம் வரும். யார்மேல் என்று கேட்டால், பாதி அவர்மேல், பாதி என்மேல்.

நான் அப்போது திருத்தங்கல் ரோட்டில் ஒரு டைரி கம்பெனியின் குடோனில் டெஸ்பாட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எந்த லாரியில் ஏறியது என்று எழுதிவைப்பது என் வேலை. அங்கே எல்லோருக்கும் நான் கணக்கப்பிள்ளை. சீனிச்சாமி என்ற என் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

குடோனில் சரக்கைத் தரையிலிருந்து சுவர்போல அடுக்கி எழுப்புவதை அட்டி போடுவது என்பார்கள். அதில் சங்கிலிமுத்துவை மிஞ்ச எங்கள் பக்கம் ஆள் கிடையாது. பதினேழு வயதில் விருதுநகரில் வத்தல் மூட்டை தூக்க ஆரம்பித்தவர், எங்களிடம் வந்தபோது நாற்பதைத் தொட்டிருந்தார். மூட்டையோ, பலகைப் பெட்டியோ, சாக்குச் சுற்றிய புத்தகக் கட்டோ, எதுவானாலும் ஒரே முறைதான். கொத்தனார் செங்கல் வைப்பதுபோல, மேலே வைக்கும் பெட்டி கீழே உள்ள இரண்டு பெட்டிகளின் இடுக்கின்மேல் உட்கார வேண்டும். அப்படி மாற்றி மாற்றிப் போட்டால் அட்டி முழுவதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். தான் போட்ட அட்டி ஒன்றுகூடச் சரிந்ததில்லை என்று அவர் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப்போனது. ஆனால் பொய் இல்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டுக் கடைக்காரர் ஒருவரின் ஆர்டர் வந்தது. அவருக்கு அங்கே நூற்றுக்கணக்கில் கடைகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குடோன். அந்தக் குடோனில் ஆட்கள் பெட்டி தூக்குவதில்லையாம், எந்திரம்தான் தூக்குமாம். பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் பார்கோடைப் படித்து, இது இன்ன அலமாரிக்கு என்று எந்திரமே கொண்டுபோய் வைத்துவிடுமாம். அதனால் பெட்டி எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஸ்டிக்கர் ஒரு நூல் பிசகாமல் ஒரே இடத்தில் ஒட்ட வேண்டும், பலகைப் பெட்டி கூடவே கூடாது, மரத்தில் பூச்சி வரும் என்று நாற்பது பக்கத்துக்கு ஒரு தாள்கட்டு அனுப்பியிருந்தார்கள். அந்த நாற்பது பக்கத்தையும் வாசித்து எங்களை மேய்ப்பதற்காக பெனிட்டோ வந்து சேர்ந்தார்.

பெனிட்டோவுக்கு இருபத்தாறு வயது. ஊர் விருதுநகர். அம்மா நர்ஸ். சென்னையில் பேக்கிங் பற்றியே தனியாகப் படித்துவிட்டு வந்தவர். பெட்டி கட்டுவதற்கு ஒரு படிப்பா என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் வந்த ஒரே சீசனில் பலகைப் பெட்டி போனது, கயிறு போனது, சாக்கு போனது. அஞ்சு தாள் அடுக்கி ஒட்டிய அஞ்சு பிளை அட்டைப்பெட்டியும் பிசின் டேப்பும் வந்தன. காற்றுக் கொப்புளம் வைத்த பிளாஸ்டிக் தாள் வந்த அன்று யாரும் வேலை பார்க்கவில்லை. குடோன் முழுக்க ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொண்டு உடைத்துக்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றையும் சங்கிலிமுத்து பொறுத்துக்கொண்டார். அட்டியில் கை வைத்தபோதுதான் தகராறு. அந்த ஆர்டர் டைரியும் பேனாவும் வைத்த பரிசுப் பெட்டிகள். மேலே கண்ணாடித்தாள் ஜன்னல் இருக்கும். அது நசுங்கக் கூடாது என்பதற்காக அட்டைப்பெட்டிக்குள் மேலே ஒரு விரல் இடம் விட்டிருந்தார்கள். ஆகவே மேலிருந்து வரும் பாரத்தைச் சரக்கு தாங்காது, அட்டைதான் தாங்க வேண்டும். பெட்டிக்குமேல் பெட்டியை நேராக, மூலைமேல் மூலை வைத்து நிறுத்தச் சொன்னார் பெனிட்டோ. எட்டு வரிசைக்குமேல் போகக் கூடாது.

"சார், ஒத்தைப் பெட்டிக்கு நீங்க சொல்றது சரி. எட்டுப் பெட்டியை ஒண்ணுமேல ஒண்ணா நிறுத்துனா தூணு மாதிரில்லா நிக்கும்? பக்கத்துத் தூணுக்கும் அதுக்கும் என்ன பிடிமானம் இருக்கு? லேசா இடிச்சாலே விளுந்துரும்" என்றார் சங்கிலிமுத்து.

"விழாம இருக்கத்தான் ஓரத்துக்கு மடக்குன அட்டை வச்சு பிளாஸ்டிக் தாள் சுத்துறோம்ணே. நீங்க மாத்திப் போட்டா மேல்பெட்டியோட மூலை, கீழ்ப்பெட்டியோட நடுவுல உக்காரும். நடுவுல பலமே கிடையாது. பாதி பலம் அங்கனயே போயிரும். மழைக்காலத்துல அட்டை ஈரத்தைக் குடிச்சா மிச்சப் பாதியும் போயிரும்."

"தாளைச் சுத்தி அட்டியை நிப்பாட்டப் போறீகளாக்கும்."

லோடுமேன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெனிட்டோ கோபப்படவில்லை. ஒரு காலிப் பெட்டியை ஒட்டிக் கீழே வைத்து, நான்கு மூலையிலும் படும்படி பலகையைப் போட்டு, சங்கிலிமுத்துவையே அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னார். பெட்டி அசையவில்லை. பலகையை எடுத்துவிட்டு நடுவில் மிதிக்கச் சொன்னார். கால் உள்ளே போய்விட்டது. சங்கிலிமுத்து காலை உருவிக்கொண்டு, அட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, பீடி பற்ற வைக்க வெளியே போனார்.

அந்த வருஷம் பெனிட்டோ சொன்னபடிதான் சங்கிலிமுத்து அடுக்கினார், வேப்பங்காயைக் கடித்த முகத்தோடு. அட்டி ஒன்றும் விழவில்லை. மழைக்கு முன்னாலேயே சரக்கும் போய்விட்டது. "மளைக்காலம் வரட்டும், பாப்போம்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். பிழைப்பில் கெட்டிக்காரனாக இருப்பவனுக்குள்ள சிக்கல் அது. தான் இத்தனை காலம் சரியாகச் செய்த ஒன்று இன்னோர் இடத்தில் தப்பாகும் என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

அவருடைய மனைவி பொன்மணி அதுவரை வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்காவது தூரத்தில் சத்தம் கேட்டால் போதும், சங்கிலிமுத்து கையிலிருந்த பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடி, புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்பார். இரண்டாயிரத்து ஆறு மே மாதத்தில் ஒருநாள் அந்தத் திசையிலேயே புகை எழும்பியது. அவளுடைய ஆலை இல்லை, பக்கத்து ஆலை. ஆனால் அது தெரிய இரண்டு மணி நேரம் ஆனது. மறுநாளே மேனேஜர் லட்சுமிகாந்தத்திடம் போய் நின்று, ஸ்டிக்கர் ஒட்டும் வேலை ஒன்றைக் கேட்டு வாங்கிப் பொன்மணியைக் குடோனுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"இங்கன என்ன இருக்கு கணக்கப்பிள்ளை. தாளும் அட்டையும்தான. இங்க என் கண்ணு முன்னாலயே இருப்பா" என்றார் என்னிடம். அத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் நான் பார்த்த நிம்மதி அன்றைக்குத்தான்.

பொன்மணிக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் வந்தபிறகு குடோனில் யாருக்கும் தூக்கம் வந்ததில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு ராத்திரி பாயை விரிச்சாக்கூட மாத்தித்தான் விரிக்கணும், கணக்கப்பிள்ளை. ரெண்டு பாயை ஒட்டிப் போட்டா சரிஞ்சிருமாம்" என்று அவர் காதுபடவே சொல்லுவாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். பிள்ளை இல்லாத வீடு. இருந்த கலகலப்பு எல்லாம் அவள் வாய்தான்.

ஸ்டிக்கரை நேராக ஒட்ட வெளிச்சம் வேண்டும். ஷட்டர் கதவு ஓரம், ஏழாம் நம்பர் அட்டிக்கு முன்னால் கோணியை விரித்து உட்கார்ந்துகொண்டாள். முதுகை அட்டிக்குக் கொடுத்திருப்பாள். அந்த இடத்தைச் சங்கிலிமுத்து போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தார். தள்ளி உட்காரச் சொன்னார். "அங்கன இருட்டு. ஸ்டிக்கர் கோணலாப் போனா அந்த சார் என்னையத்தான பிடிப்பாரு" என்று சொல்லிவிட்டாள்.

அந்த வருஷச் சரக்குக்காக ஏழாம் நம்பரை அவர் புதிதாக அடுக்கிய அன்று பெனிட்டோ தூத்துக்குடிக்குப் போயிருந்தார். முன்னால் தெரியும் ஒரு வரிசையை மட்டும் சங்கிலிமுத்து மூலைமேல் மூலையாக நிறுத்தினார். அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் தன் பழைய முறையில், செங்கல் கட்டுபோல மாற்றி மாற்றிப் போட்டார். பெட்டி எடுத்துக் கொடுத்தவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. குடோனில் இருந்த பதினான்கு அட்டிகளில் பதின்மூன்றைச் சொன்னபடி அடுக்கினார். பொன்மணி சாய்ந்து உட்கார்ந்த அந்த ஒன்றைத்தான், அது விழவே கூடாது என்று, தனக்குத் தெரிந்த உறுதியான முறையில் போட்டார்.

அக்டோபரில் போக வேண்டிய கப்பல் தள்ளிப்போனது. அந்த வருஷம் ஐப்பசி மழை ஒருநாள்கூட விடவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகவில்லை என்றாலும் குடோனுக்குள் துவைத்த துணி காயாது. பெட்டியைத் தொட்டால் அப்பளம் நமத்ததுபோல இருந்தது. தீபாவளி முடிந்து பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்த நேரம். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ மூட்டையைக் கீழே போட்டதுபோல இருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது ஏழாம் நம்பர் அட்டி இருந்த இடத்தில் சுவர் தெரிந்தது.

ஒரு பெட்டி பதினாறு கிலோ. சங்கிலிமுத்து லாரியிலிருந்து குதித்து ஓடி வந்து, இரண்டு கையிலும் இரண்டு பெட்டியாகப் பிடித்து எறிந்தார். அடியில் பொன்மணி நினைவோடுதான் இருந்தாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. "எங்கேங்க என் காலு, காலே தெரியலயே" என்று கேட்டாள்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் சேதமான பெட்டிகளைப் பட்டியல் எடுக்க என்னை விட்டார்கள். அடிவரிசைப் பெட்டிகள் சிலவற்றின் மேல்மூடியில், சரியாக நடுவில், குறுக்கே ஒரு கோடு ஆழமாகப் பதிந்திருந்தது. இன்னொரு பெட்டியின் மூலையும் ஓரமும் அங்கே உட்கார்ந்திருந்தால் மட்டுமே அப்படிக் கோடு விழும். நான் கரும்பலகைப் பாடத்தைக் கேட்டவன். எனக்குப் புரியாமல் இல்லை. பட்டியலில் "ஈரத்தால் சேதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஒரு மனுஷன்மேல் போய் எப்படி இதைச் சொல்வது என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில் நான் செய்த காரியங்களில் இதைவிடக் கேடுகெட்டது வேறில்லை.

மூன்றாம் நாள் விசாரணை. சங்கிலிமுத்து மதுரையிலிருந்து அதே சட்டையோடு வந்திருந்தார். லோடுமேன்கள் எல்லோரும் ஒரே குரலில் புது முறைமேல் பழியைப் போட்டார்கள். மூலைமேல் மூலை வைத்தால் விழும் என்று அன்றைக்கே சொன்னோமே என்றார்கள். மேனேஜர் லட்சுமிகாந்தம் சங்கிலிமுத்துவைப் பார்த்து, "நீங்க எப்படி அடுக்குனீங்க?" என்று கேட்டார்.

"சார் சொன்ன மாதிரிதான். மூலைமேல மூலை" என்றார் அவர்.

பெனிட்டோ மறுக்கவில்லை. சந்தேகப்படக்கூட இல்லை. "எட்டு வரிசை அதிகம். இந்த ஈரத்துக்கு ஆறுன்னு சொல்லியிருக்கணும். என் கணக்குத்தான் தப்பு" என்றார். அவரை யாரும் போகச் சொல்வதற்கு முன்னால் அவரே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் பக்கத்து நாற்காலியில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொன்மணியால் இனி எழுந்திருக்க முடியாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். குடோனுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி வீடு. அந்த டிசம்பர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து விருதுநகரிலிருந்து பஸ் ஏறி, பெரிய நுரைப்பஞ்சு அட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பெனிட்டோ அங்கே வந்து நின்றார். படுத்தே கிடப்பவர்களுக்கு ஒரே இடத்தில் பாரம் இறங்கினால் தோல் வெந்து புண் வரும் என்று அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார். பஞ்சை எங்கெங்கே குழித்தால் பாரம் பரவும் என்று அளந்து, கத்தியால் வெட்டி, அவரே படுக்கை செய்து போட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும் என்று சங்கிலிமுத்துவுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதுமுதல் சங்கிலிமுத்து பகலில் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். அவரை யாரும் தடுத்ததில்லை. மாதாமாதம் முதல் ஞாயிறு பெனிட்டோ வந்து பஞ்சைப் பார்ப்பார், அமுங்கிப்போனதை மாற்றுவார்.

பொன்மணி அவரைத் திட்டித் தீர்த்தாள். எதிரில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. "படிச்ச படிப்பைக் கொண்டாந்து என் இடுப்புலயா வைக்கணும். நீ வெளங்குவியாலே? என்னைய மாதிரி நீயும் கிடந்து அழுகணும்லே" என்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு பஞ்சை வெட்டிக்கொண்டிருப்பார். திட்டி முடித்தபிறகு அவளுக்குப் பசிக்கும். சாப்பிடுவாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்து எடுத்துக்கொடுப்பார்கள், இவள் இன்னும் ஒரு பாட்டம் திட்டுவாள். உடம்பில் பாதி செத்துப்போனாலும் வாய் பழைய பொன்மணியாகவே இருந்தது. இவ்வளவும் நடக்கும்போது சங்கிலிமுத்து அடுப்படியில் நின்று கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார்.

இப்படி இரண்டு வருஷம் போனது. இரண்டாயிரத்து எட்டு செப்டம்பரில் ஒரு வேலையாக விருதுநகர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பெனிட்டோ நின்று ரேஷன் கார்டு நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமாவின் கடையாம். சென்னைப் பக்கம் பெரிய பெரிய குடோன்கள் வருகின்றனவே, இந்தப் படிப்புக்கு அங்கே கூப்பிடுவார்களே என்று கேட்டேன். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்களாம். போகவில்லை.

"நான் ஒரு தாள்ல எட்டுன்னு எழுதுவேன்ணே. அந்த எட்டுக்குக் கீழ யாரோ ஒருத்தவங்க உக்காந்திருப்பாங்க. இனிமே என்னால அந்த மாதிரி எழுத முடியாது" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நேராகக் குடோனுக்கு வந்து சங்கிலிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டேன். "அடிப்பெட்டியில கோடு விளுந்திருந்ததை நான் அன்னைக்கே பாத்தேன்" என்றேன். அவர் பக்கத்தில் இருந்த பெட்டியின்மேல் கையை ஊன்றி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல எல்லாவற்றையும் சொன்னார். எப்படி அடுக்கினார், ஏன் அடுக்கினார் என்று மேலே நான் எழுதியிருப்பதெல்லாம் அன்றைக்கு அவர் சொன்னதுதான்.

"வேலை போயிரும்னு பயந்து பொய் சொல்லல, கணக்கப்பிள்ளை. நான்தான்னு சொன்னா அவ காதுக்குப் போயிரும். அவ என்னைய என்ன நினைப்பா? அவளைப் புரட்டிப் போடுறதுக்கு என்னைய விட்டா யாரு இருக்கா?"

"அங்க ஜெராக்ஸ் கடையில அந்தப் புள்ளை சாகாமச் செத்துக்கிட்டு இருக்கு. அதுக்கு என்ன சொல்லுறீக?" என்று கேட்டேன். உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்றேன். மனசாட்சி அது இது என்று என்னென்னவோ பேசினேன். இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்குப் பிரசங்கம் மட்டும் தடையில்லாமல் வந்தது.

அக்டோபர் முதல் ஞாயிறு. என்னையும் கூட வந்து இருக்கச் சொன்னார். போனேன். பெனிட்டோ பஞ்சை அளந்துகொண்டிருந்தார், பொன்மணி வழக்கம்போல அவரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். சங்கிலிமுத்து அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"அவுகளைத் திட்டாத, பொன்மணி. அந்த அட்டியை அவுக சொன்ன மாதிரி நான் போடல. முன்வரிசை மட்டும்தான் அவுக முறை. உள்ள பூராவும் என் முறையில மாத்திப் போட்டேன். அதுதான் விளுந்துச்சு."

பெனிட்டோ அளவு நாடாவைக் கையிலேயே பிடித்திருந்தார். "அடிவரிசையில இருந்தேவாண்ணே?" என்று கேட்டார்.

"அடிவரிசையில இருந்தே."

"மத்த பதிமூணும்?"

"அது பூரா நீங்க சொன்ன மாதிரிதான்."

"அதெல்லாம் நின்னுச்சு" என்றார் பெனிட்டோ, தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல. "அப்ப எட்டு சரிதான்." பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் வருத்தமே இல்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது, சங்கிலிமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பொன்மணி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அங்கன உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சுதான போட்டீக?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுதான். நீ உக்காந்திருக்கேன்னுதான் அப்படிப் போட்டேன்."

அவள் பெனிட்டோ பக்கம் முகத்தைத் திருப்பி, "தம்பி, சாப்பிட்டீகளா?" என்றாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரை அப்படிக் கூப்பிட்டாள். அவர் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னார். வெட்டிக்கொண்டிருந்த பஞ்சை முழுதாக வெட்டிப் பொருத்திவிட்டுத்தான் கிளம்பினார். வாசலில் சங்கிலிமுத்துவின் கையைப் பிடித்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அதன்பிறகு அவர் வரவில்லை. பொங்கல் முடிந்து சென்னைக்கு வெளியே ஒரு பெரிய குடோனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வராமல் இருந்துவிட்டாரே என்று சிலர் குறை சொன்னார்கள். நான் சொல்ல மாட்டேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். மார்கழியில் ஒருநாள் மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அந்தத் தெருவே அமைதியாக இருந்தது. பொன்மணி வாங்க என்றாள். நல்லா இருக்கியாம்மா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். பேச ஒன்றும் இல்லாத இடத்தில் யார் வந்து உட்காருவார்கள்?

அவளுக்குத் திட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது. பெனிட்டோவைத் திட்ட முடியாது. புருஷன் தனக்குக் கெடுதல் நினைத்துச் செய்திருந்தால் அவரைத் திட்டியிருப்பாள். தன்னைக் காப்பாற்ற நினைத்துச் செய்தவரை எதைச் சொல்லித் திட்டுவது?

சங்கிலிமுத்து என் முன்னாலேயே கட்டில் ஓரம் உட்கார்ந்து கேட்டார். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது, போகவும் முடியவில்லை. "ஒரே ஒரு தடவை என்னையத் திட்டிரு பொன்மணி. அந்தப் புள்ளையத் திட்டுன மாதிரி என்னையத் திட்டு. வாயில வந்ததைச் சொல்லு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு மணி ஆச்சு. என்னையப் புரட்டிப் போடுங்க" என்றாள்.

புரட்டிப் போட்டார். அவள் உடம்பில் ஒரு புண்கூட வரவிடாமல் கடைசிவரை புரட்டிப் போட்டார். அது மட்டும் ஊரே சொன்ன விஷயம். ஆனால் பொன்மணி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். மாசி மாதம் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்ச் சேர்ந்தாள். பெனிட்டோ சென்னையிலிருந்து வந்து, ஓரமாக நின்றுவிட்டுப் போனார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது சங்கிலிமுத்து என்னோடுதான் நடந்து வந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றோம். கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிந்தபிறகு கேட்டார்.

"நான் சொல்லாம இருந்திருந்தா, அவ இன்னும் கொஞ்ச காலம் திட்டிக்கிட்டு இருந்திருப்பால்ல, கணக்கப்பிள்ளை?"

அவரைச் சொல்ல வைத்தவன் நான். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இருந்திருப்பா என்றேன்.